அழகர் வேடம் முதல் மீனாட்சி பாவாடை வரை: மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கு வீட்டில் எல்லோருக்கும் நாமே தைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கால் மிஷினில் நேர்த்தையல் ஓட்டத் தெரியும், ஜாக்கெட் லைனிங் வைத்துத் தைத்த அனுபவம் கொஞ்சம் உண்டு என்றால் போதும், இந்த வேலையை வீட்டிலேயே முடித்துவிடலாம். கை வராததால் சொதப்புகிறவர்கள் குறைவு. வரிசை மாறித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எதற்குப் பிறகு எது என்பதைத்தான் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இது மேடையில் பத்து நிமிஷம் நின்றுவிட்டுக் கழற்றும் உடுப்பு இல்லை. சித்திரை வெயிலில் வியர்க்கும், தண்ணீரில் ஊறும், ஆற்று மணலில் புரளும். துணி, லைனிங், தொப்பிக்குள் வைக்கும் அட்டை எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவு செய்யப் போகிறோம்.

1. யார், என்ன வேடம், எங்கே நிற்பார்?

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாளில் வீட்டு ஆட்கள் பெயரை எழுதி, எதிரே இரண்டு விஷயம் குறியுங்கள்: என்ன வேடம், அன்றைக்கு எங்கே என்ன செய்யப் போகிறார்.

அழகர் வேடம் என்று பொதுவாகச் சொன்னாலும் வேலையைப் பொறுத்துத் துணி மாறும். ராமராயர் மண்டபத்தில் தோப்பறை எனும் தோல்பையைத் தாங்கித் தண்ணீர் பீய்ச்சுபவர் முழுக்க நனைவார். தோளில் தோல்பையின் பாரமும் இருக்கும். பத்து லிட்டர் தண்ணீர் என்றாலே பத்து கிலோ. அவருக்குத் தோளில் இரட்டைத் துணி வேண்டும்.

திரி எடுத்து ஆடுபவர் கதை வேறு. கையில் நெருப்பு. வெல்வெட்டாகக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் பாலியஸ்டர்தான். தீப்பொறி பட்டால் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியும், ஆனால் உருகி ஒட்டாது. ஆகவே திரி எடுப்பவருக்குக் கை, மார்பு, தலை மூன்றும் தடித்த பருத்தித் துணியில் இருக்கட்டும். குஞ்சம், தொங்கும் ஜரிகை, பறக்கும் துண்டு எதுவும் வேண்டாம். பளபளப்பு குறைகிறதே என்று வீட்டில் முகம் சுளித்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாசி வீதிகளில் சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் மீனாட்சியாகவோ கண்ணனாகவோ போகும் பிள்ளைகள் அவ்வளவு நனைய மாட்டார்கள். ஆனால் மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். நடுவே பாத்ரூம் போக வேண்டும். அதையும் தாளில் எழுதுங்கள், வெட்டும்போது உதவும்.

2. எப்போது தொடங்குவது?

அழகர் வைகை ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமியன்று. அதிலிருந்து ஆறு வாரம் பின்னால் எண்ணித் துணி வாங்குங்கள். முதல் வாரம் துணியும் நனைத்துக் காய வைப்பதும். அடுத்து அளவும் வெட்டும். மூன்று வாரம் தையல். கடைசி வாரத்தில் புதிய தையல் எதுவும் வைத்துக்கொள்ளாமல், நனைத்துப் பார்த்துச் சரிசெய்ய மட்டும் ஒதுக்குங்கள்.

கொடியேறிய பிறகு தொடங்கலாம் என்று நினைப்பவர்கள்தான் கடைசி இரவில் பசை போட்டு லேஸ் ஒட்டுகிறார்கள். அது என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

3. கையில் இருக்க வேண்டியவை

மிஷினுக்கு 14, 16 எண் ஊசிகள், ஒவ்வொன்றிலும் கூடுதலாக இரண்டு. வெல்வெட்டும் லைனிங்கும் லேஸும் சேரும் இடத்தில் மெல்லிய ஊசி வளைந்து ஒடியும். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும், ஈரத்தில் வலு குறையாது. திரி எடுப்பவரின் பருத்தி உடுப்புக்கு மட்டும் பருத்தி நூல்.

அப்புறம் துருப்பிடிக்காத குண்டூசி, தையல் சாக், நாடா, ஓர் அங்குல எலாஸ்டிக், பிளாஸ்டிக் பிரஸ் பட்டன், பேப்பரில் அளவு வரையப் பழைய செய்தித்தாள். இரும்பு ஹூக் வேண்டாம். ஒரே நனைப்பில் துருக்கறை இறங்கிவிடும், மஞ்சள் துணியில் அது போகவே போகாது.

வீட்டில் பழைய வேட செட் ஒன்று கிடந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சல்லடத்தின் (முழங்கால் வரை வரும் கால்சட்டை) வெட்டும் உருமாலின் (தலையில் வைக்கும் தொப்பி) வடிவமும் ஊருக்கு ஊர், தைப்பவருக்குத் தைப்பவர் மாறும். உங்கள் பங்காளிகள் எப்படிப் போடுகிறார்களோ அதுவே உங்களுக்கு மாதிரி. படத்தைப் பார்த்துத் தைத்துவிட்டு, 'நம்ம வீட்டுல இப்படிக் கட்ட மாட்டோமே' என்று பெரியவர்கள் சொன்னால் மறுபடி பிரிக்க வேண்டி வரும்.

4. துணி வாங்கும்போது

வெல்வெட், சாட்டினுக்கு விளக்குத்தூண், பத்துத்தூண் பக்கம் போகலாம். லேஸ், சமிக்கி, குஞ்சம் மாதிரி பேன்ஸி சாமான்களுக்கு எழுகடல் தெரு. புதுமண்டபத்தில் இருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. வாங்க எண்ணமில்லாவிட்டாலும் அங்கே தொங்கும் வேடங்களை ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள். எங்கே இரட்டைத் தையல் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

44 அங்குல அகல வெல்வெட்டில், நடுத்தர உடம்புள்ள ஆணுக்கு அரைக்கைச் சட்டையும் முழங்கால் வரும் சல்லடமும் சேர்த்து ஏறக்குறைய மூன்றே முக்கால் மீட்டர் பிடிக்கும். 4 மீட்டராக வாங்குங்கள். எட்டு வயதுப் பையனுக்கு 2 மீட்டர் போதும். லைனிங்குக்கும் இதே கணக்கு. அரை மீட்டர் சேர்த்தே எடுங்கள், சுருங்கும்.

வழக்கமான சட்டைக் கணக்கை விட இது கூடுதலாகத் தெரிகிறதா? வெல்வெட்டுக்கு ரோமத் திசை உண்டு. எல்லாத் துண்டையும் ஒரே திசையில்தான் வெட்ட முடியும். தலைகீழாகத் திருப்பி இடுக்கில் நுழைத்து மிச்சம் பிடிக்க முடியாது.

அழகர் இந்த வருஷம் என்ன நிறப் பட்டு உடுத்துவார் என்று யோசித்து அதே நிறத்தில் வாங்க ஆசைப்படாதீர்கள். அது முன்கூட்டி யாருக்கும் தெரியாது. சிவப்பும் மஞ்சளும் என்றைக்கும் எடுபடும்.

5. வெட்டுவதற்கு முன் தண்ணீரில் போடுங்கள்

புதிதாகத் தைப்பவர்கள் தாண்டிக் குதிக்கும் படி இதுதான்.

பருத்தி லைனிங்கை ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்து, பிழியாமல் காயப் போடுங்கள். பருத்தி சுருங்கும், பாலியஸ்டர் வெல்வெட் சுருங்காது. நனைக்காமல் தைத்தால் அன்றைக்குத் தண்ணீர் பட்டுக் காய்ந்ததும் லைனிங் உள்ளே இழுத்து, வெளித்துணி தொங்கிப் பை விழும்.

வெல்வெட்டில் ஓர் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தித் தேயுங்கள். சிவப்பு இறங்கினால் அதற்குப் பக்கத்தில் மஞ்சள் சாட்டின் வைக்கக் கூடாது. கரும்பச்சையோ நீலமோ வையுங்கள். சாயம் நிறைய இறங்கினால் துணியையே மாற்றுங்கள். உப்புப் போட்டு ஊற வைத்தால் நிற்கும் என்பார்கள், அதை நம்பி நான் வெட்ட மாட்டேன்.

லேஸையும் நனையுங்கள். சில ஜரிகை லேஸ் ஈரத்தில் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். இப்போதே தெரிந்தால் ஒரு மீட்டரோடு போகும்.

6. அளவு எடுப்பது

நிமிர்ந்து நிற்க வைத்து மட்டும் அளவு எடுக்காதீர்கள். குந்தச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொல்லுங்கள். ஆடும்போது உடம்பு அப்படித்தான் இருக்கும்.

மார்புச் சுற்றளவோடு 6 அங்குலம் கூட்டுங்கள். நனைந்த துணி உடம்போடு ஒட்டும், இறுக்கமாக இருந்தால் மூச்சு முட்டும்.

சல்லடத்துக்கு முக்கியம் கவட்டை ஆழம். நாற்காலியில் உட்கார வைத்து, பக்கவாட்டில் இடுப்பிலிருந்து நாற்காலிப் பலகை வரை அளந்து, ஒன்றரை அங்குலம் கூட்டுங்கள். சல்லடம் கிழிவது பெரும்பாலும் இங்கேதான். கால்கள் சேரும் இடத்தில் 4 அங்குலச் சதுரத் துண்டு ஒன்றை மூலைவாட்டில் வைத்துத் தைத்தால், எவ்வளவு அகட்டி வைத்து ஆடினாலும் தாங்கும்.

கையைத் தூக்க வசதியாக இருக்கட்டும் என்று பலர் அக்குளை இறக்கி வெட்டுகிறார்கள். நேர்மாறாகத்தான் ஆகும். அக்குள் இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது சட்டை மொத்தமும் மேலே ஏறி வயிறு தெரியும். அக்குளைச் சாதாரண உயரத்திலேயே விட்டு, கையை அகலமாக வெட்டி, அக்குளுக்கும் ஒரு சிறு சதுரத் துண்டு வையுங்கள்.

பிள்ளைகளுக்கு நீளத்தில் 3 அங்குலம் உள்ளே மடித்து விடுங்கள். அடுத்த சித்திரைக்குப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.

7. வெட்டும் வரிசை

எல்லாருடைய அளவையும் முதலில் செய்தித்தாளில் வரைந்து வெட்டிவிடுங்கள். ஒவ்வொரு தாளிலும் பெயர், 'முன்', 'பின்', மேல்நோக்கி ஓர் அம்புக்குறி.

துணியில் பெரியவருடையதை முதலில் வெட்டுங்கள். மிச்சத்தில் சிறுசுகளின் துண்டுகள் எப்படியும் அடங்கும். பிள்ளை ஆசையில் அவனுடையதை முதலில் வெட்டினால் அப்பாவின் முதுகுக்கு ஒட்டுப் போட வேண்டி வரும்.

வெல்வெட்டை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும், எதிர்ப்பக்கம் சொரசொரக்கும், நிறமும் கருத்துத் தெரியும். வழுக்கும் திசை எல்லாருக்கும் காலை நோக்கி இருக்கட்டும். கருப்பாகத் தெரியும் திசையில் நிறம் ஆழமாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் கை படப் பட ரோமம் கலைந்து திட்டுத் திட்டாக நிற்கும்.

துணியை இரண்டாக மடித்து வெட்டாதீர்கள். ரோமமும் ரோமமும் சேர்ந்தால் நழுவும், கீழ்த்துண்டு கோணலாகிவிடும். ஒற்றையாக, பின்பக்கம் மேலே தெரிய விரித்து, சாக்கால் வரைந்து வெட்டுங்கள்.

ஒற்றையாக வெட்டும்போது ஒரு பொறி இருக்கிறது. ஒரு காலை வெட்டியதும் தாளைக் கவிழ்த்துப் போட்டு அடுத்த காலை வரைய வேண்டும். கவிழ்க்க மறந்தால் இரண்டும் ஒரே பக்கத்துக் கால். 'அக்கா, ரெண்டும் எடது காலாப் போச்சுக்கா' என்று துணியோடு வந்து நிற்பவர்களைச் சித்திரைக்குச் சித்திரை பார்க்கிறேன். வெல்வெட்டைத் திருப்பிப் போட்டும் சமாளிக்க முடியாது. தாளின் ஒரு முகத்தில் 'வலது', மறு முகத்தில் 'இடது' என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

8. தைக்கும் வரிசை

ஒருவர் உடையை முழுதாக முடித்துவிட்டு அடுத்தவருடையதைத் தொடாதீர்கள். ஒரே வேலையை எல்லா உடைக்கும் சேர்த்துச் செய்யுங்கள். நூல் மாற்றுவதும் தையல் நீளத்தை மாற்றுவதும்தான் நேரத்தைத் தின்னும். பாபின்களை நிறத்துக்கு நான்காகச் சுற்றி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் அலங்காரம். பக்கத் தையல் போடுவதற்கு முன், துண்டுகள் தட்டையாக இருக்கும்போதே லேஸையும் சாட்டின் பட்டிகளையும் தைத்துவிட வேண்டும். மூட்டிய பிறகு கால் குழாய்க்குள் மிஷினை நுழைத்து லேஸ் தைப்பது பெரிய அவஸ்தை. லேஸின் இரண்டு ஓரத்திலும் தையல் ஓட வேண்டும். ஒரே ஓரத்தில் ஓட்டினால் ஈரத்தில் மறு ஓரம் சுருண்டு நிற்கும்.

பசை கூடவே கூடாது. வெள்ளைப் பசை தண்ணீரில் இளகும். லேஸ் உரிந்து தொங்கும், சமிக்கி ஆற்றோடு போகும். சமிக்கியைச் சரமாக வாங்கி ஊசியால் தைப்பதே நல்லது. நேரமில்லையா, சமிக்கியை விட்டுவிடுங்கள். அகலமான ஜரிகைப் பட்டியே தூரத்துக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, கையால் ஓட்டுத்தையல். வெல்வெட்டின் இரு துண்டும் மிஷினுக்கடியில் ஒன்றை விட்டு ஒன்று நகரும். மேலே சரியாகத் தொடங்கி, கீழே வரும்போது ஓர் அங்குலம் மிஞ்சி நிற்கும். குண்டூசி மட்டும் போதாது. கையால் ஓட்டி, மிஷின் பாதத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தி, தையலைச் சற்று நீளமாக வைத்து, ரோமத் திசையிலேயே தையுங்கள்.

அப்புறம் மூட்டும் வரிசை: தோள், கை, பக்கம். தோப்பறை தாங்குபவருக்குத் தோளை மூட்டும் முன்பே உள்பக்கம் 4 அங்குல அகலத்தில் தடித்த காடாத் துணிப் பட்டி ஒன்றை வைத்துத் தைத்துவிடுங்கள். சல்லடத்துக்கு முதலில் ஒவ்வொரு காலையும் தனித்தனியாக மூட்டி, பிறகு ஒரு காலை இன்னொன்றுக்குள் நுழைத்துக் கவட்டையை வளைவாக ஒரே ஓட்டத்தில் தையுங்கள், சதுரத் துண்டு வைப்பவர்கள் அதையும் சேர்த்து. அதன் மேலேயே இன்னொரு தையல்.

லைனிங் வைப்பதில் ஒரு நுணுக்கம். கழுத்திலும் இடுப்பிலும் மட்டும் சேர்த்து, கீழ் ஓரத்தைத் தனியாக விட்டுவிடுங்கள். வெளித்துணியை விட ஓர் அங்குலம் குட்டையாக இருக்கட்டும். கீழேயும் மூடித் தைத்தால் இரண்டு துணிக்கும் நடுவில் தண்ணீரும் மணலும் தங்கும். நடக்க நடக்கப் பாரம் இழுக்கும், தொடை உராய்ந்து புண்ணாகும்.

சல்லடத்தின் கீழ் ஓரத்துக்குச் சுருக்கம் வைப்பதானால், கால் சுற்றளவைப் போல இரண்டு மடங்கு நீளச் சாட்டின் பட்டி வேண்டும். சுற்றளவு 26 அங்குலம் என்றால் பட்டி 52. மூன்று மடங்கு வைத்தால் அழகாகத்தான் இருக்கும், நனைந்தால் முட்டியைச் சுற்றிக்கொள்ளும்.

இடுப்புக்கு எலாஸ்டிக்கை மட்டும் நம்பாதீர்கள். நனைந்த வெல்வெட் பாரத்துக்கு அது இறங்கிவிடும். எலாஸ்டிக்கோடு நாடாவும் கோத்துவிடுங்கள். நாடா முடிச்சின் மேல்தான் கச்சை வரப்போகிறது, வெளியே தெரியாது. கச்சையைப் பருத்தியில் வையுங்கள். சாட்டின் கச்சை வழுக்கி அவிழும்.

இஸ்திரிப் பெட்டியை வெல்வெட்டின் முகத்தில் வைக்கவே கூடாது. மேஜையில் டர்க்கி டவலை விரித்து, முகம் கீழே இருக்கப் போட்டு, பின்பக்கத்தில் லேசாக ஒற்றி எடுங்கள்.

9. உருமால்

தலைச் சுற்றளவோடு ஓர் அங்குலம் கூட்டுங்கள். விறைப்புக்காக எல்லாரும் வைப்பது காலண்டர் அட்டை, இல்லாவிட்டால் பக்ரம் என்னும் விறைப்புத் துணி. அட்டை ஊறிக் கூழாகும். பக்ரத்தின் விறைப்பு கஞ்சியிலும் பசையிலும் இருப்பது, நனைந்ததும் துவண்டுவிடும்.

பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை வடிவத்துக்கு வெட்டி உள்ளே வையுங்கள். ஓரம் நெற்றியில் குத்தாமலிருக்கச் சுற்றிலும் பருத்திப் பட்டி. அந்தப் பட்டி வியர்வையையும் குடிக்கும், கண்ணில் இறங்காது.

தாடைக்குக் கீழே கட்டும் நாடாவைப் பெரியவர்கள் முடிச்சுப் போடலாம். பிள்ளைகளுக்கு முடிச்சு வேண்டாம், பிரஸ் பட்டன் வையுங்கள். கூட்டத்தில் யாராவது பிடித்து இழுத்தால் பட்டன் விட்டுக்கொடுக்க வேண்டும், கழுத்து இறுகக் கூடாது.

10. மீனாட்சியும் கண்ணனும்

மீனாட்சிக்குப் பச்சைப் பாவாடையும் சட்டையும் தனித்தனியாக இருக்கட்டும். ஒரே உடுப்பாக முதுகில் ஹூக் வைத்துத் தைத்தால் ஒவ்வொரு முறை பாத்ரூம் போகும்போதும் அலங்காரம் முழுக்கக் கழற்ற வேண்டும். பாவாடைக்கு எலாஸ்டிக். கொசுவ மடிப்புகளை முன்பக்கம் மேலே மட்டும் 5 அங்குலம் தைத்து நிறுத்துங்கள். முழுக்கத் தைத்தால் நடக்க வராது. பாவாடை தரையிலிருந்து 2 அங்குலம் மேலே நிற்கட்டும். வீதியில் பின்னால் வருபவர்கள் மிதிப்பார்கள்.

கிளியைக் கையில் பிடிக்கச் சொல்லாதீர்கள், கால் மணி நேரத்தில் அப்பா கையில் இருக்கும். பச்சைத் துணியில் பஞ்சடைத்துத் தைத்து, அடியில் எலாஸ்டிக் வளையம் வைத்து மணிக்கட்டில் மாட்டிவிடுங்கள்.

கண்ணனுக்கு மஞ்சள் பஞ்சகச்சத்தை இடுப்பு எலாஸ்டிக்கோடு ரெடிமேடாகத் தைத்துவிடலாம். கைக்குழந்தையானால் மணி, முத்து, சமிக்கி எதுவும் வேண்டாம். பிய்த்து வாயில் போடும்.

11. அம்மாவுக்கு என்ன?

வீட்டில் எல்லாருக்கும் தைத்துவிட்டு, தைத்தவருக்கு மட்டும் ஒன்றும் இருக்காது. வெல்வெட்டில் மிஞ்சிய ஜரிகைப் பட்டியை உங்கள் ஜாக்கெட் கைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் சுங்குடிப் புடவையோடு நிற்கும்போது குடும்பம் ஒரே செட்டாகத் தெரியும். சர்க்கரைச் செம்பில் தீபம் ஏற்றி அழகரை எதிர்கொள்ளப் போகிறீர்கள் என்றால் முந்தானையை நன்றாகச் செருகிவிடுங்கள், கை அகலமாக விரியும் ஜாக்கெட்டும் வேண்டாம்.

வெட்டில் விழுந்த துண்டுகளில் ஆளுக்கொரு சுருக்குப்பை தைத்து இடுப்பு நாடாவில் கட்டிவிடுங்கள். வேடத்தில் ஜேபி கிடையாது. பிள்ளைகளின் பையில் ஒரு போன் நம்பரைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

12. நனைத்துப் பார்த்தல்

ஒரு வாரம் முன்பு மொட்டை மாடியில் எல்லாரையும் முழு வேடத்தில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். திரி எடுப்பவருக்கும் ஊற்றுங்கள், கூட்டத்தில் யார் தண்ணீர் யார் மேல் படும் என்று சொல்ல முடியாது.

ஊற்றிய பிறகு கால் மணி நேரம் நடக்கவும் குந்தவும் ஆடவும் சொல்லுங்கள். சல்லடம் இறங்குகிறதா, உருமால் கண்ணை மறைக்கிறதா, லைனிங் தொடையில் ஒட்டுகிறதா, தோள் தையல் விலகுகிறதா என்று பாருங்கள். விலகும் இடத்தில் சாக்கால் குறிக்க முடியாது, ஈரத்தில் பிடிக்காது. வெள்ளை நூலால் ஒரு முடிச்சுப் போட்டு வைத்து, காய்ந்த பிறகு தையுங்கள்.

'புதுத் துணியைச் சாமிக்கு முன்னால நனைக்கலாமா' என்று சிலர் தயங்குவார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நனைக்கக் கூடாது என்றால் வெட்டில் மிஞ்சிய துண்டுகளில் லேஸ், லைனிங் எல்லாம் வைத்து ஒரு சிறு மாதிரி தைத்து அதையாவது நனைத்துப் பாருங்கள்.

13. அன்றைக்கும் மறுநாளும்

ஒருவர் பையில் ஊக்கு, ஊசி, சிவப்பு நூல், இரண்டு முழம் நாடா இருக்கட்டும். தண்ணீர் பீய்ச்சத் தோல்பை மட்டும். அழுத்தப் பம்புக்கு அனுமதி கிடையாது. தண்ணீரில் எந்தப் பொடியும் கலக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கும் கேடு, துணிச் சாயத்துக்கும் கேடு.

வீட்டுக்கு வந்ததும் ஈரத்தோடு மூட்டை கட்டிப் போட்டால் மறுநாளே பூசணம் பிடிக்கும். மணலை உதறி, வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசி, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி நிழலில் போடுங்கள். முறுக்கிப் பிழிந்தால் வெல்வெட்டில் விழும் மடிப்புக்கோடு நிரந்தரம். நன்றாகக் காய்ந்த பிறகு உருமாலுக்குள் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து வையுங்கள். வரைந்த தாள்களையும் பெயரோடு சேர்த்து அதே பையில் போட்டுவிடுங்கள்.